மூன்றாம் திரையில் உட்கார்ந்தவள்

இந்தக் கதையில் வரும் மடையர்கள் நாங்கள்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் என்றால், டிசம்பர் பிறந்ததும் அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் பாஸும் தோளில் துணிப்பையும் மாட்டிக்கொண்டு, சென்னையில் அந்தக் கால்வாயோரத் திரையரங்கத்துக்குப் போய்க் காலை ஒன்பதே முக்காலிலிருந்து ஒரே நாளில் ஐந்து தேசம் பார்க்கிறவர்கள், பஞ்சத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சமோசா தின்கிறவர்கள், போரைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவு பிரமாதம் என்கிறவர்கள். என் பெயர் சிற்றம்பலம். வார இதழ் ஒன்றில் பிழை திருத்துகிறேன், சிறுபத்திரிகைகளில் உலக சினிமா பற்றி எழுதுகிறேன், பதினெட்டு வருடமாக ஒரு விழாவையும் தவறவிட்டதில்லை.

நடந்தது விழாவின் இரண்டாம் நாள், மூன்றாம் திரையில், மதியம் இரண்டேகால் காட்சியில். ஏதோ ஒரு மலைநாட்டிலிருந்து வந்த படம். அணை கட்டுகிறார்கள், ஊர் மூழ்கப்போகிறது, எல்லோரும் போய்விடுகிறார்கள், ஒரு பெண் மட்டும் கடைசிவரை இருந்துவிட்டு, முடிவில் தன் கல்வீட்டைப் பூட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ராணுவ லாரியில் ஏறுகிறாள், தண்ணீர் வந்து ஊரை மூடுகிறது, மொத்தம் தொண்ணூற்றெட்டு நிமிடம் என்று விழா மலரில் போட்டிருந்தது. தொண்ணூற்றோராவது நிமிடம் அவள் மூட்டையோடு வாசலுக்கு வந்தாள், லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அவள் லாரியைப் பார்த்தாள், வீட்டைத் திரும்பிப் பார்த்தாள், மூட்டையைக் கீழே வைத்தாள், வாசற்படியில் உட்கார்ந்தாள். அதன்பிறகு அவள் எழுந்திருக்கவில்லை.

எங்களுக்கு ஒரு குணம் உண்டு, திரையில் எதுவும் நகராவிட்டால் எங்களுக்கு மரியாதை கூடிவிடும். பத்து நிமிடம் ஆனபோது என் பக்கத்து நாற்காலிக்காரர் ஆகா என்றார். அரை மணி நேரம் ஆனபோது, ஒரு வெட்டுகூட இல்லாமல் எடுத்திருக்கிறான், என்ன நெஞ்சழுத்தம் பார் என்று பின்வரிசையில் ஒருவர் உருகினார். ஒரு மணி நேரம் ஆனபோது, இது வேகத்தின் அதிகாரத்துக்கு எதிரான மௌனம் என்று நான் என் குறிப்பேட்டில் எழுதினேன், அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கும். ஐந்து மணிப் படத்துக்கு வந்தவர்கள் இதுதான் தங்கள் படம் என்று நினைத்து, இடம் பிடித்து உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். படியில் நிழல் நகர்ந்தது, லாரிக்காரன் அலுத்துப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், அவள் மூட்டையை அவிழ்த்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள், நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஆறரை மணிக்குப் பாப்கார்ன் கூட்ட அஞ்சலாட்சி வந்தாள். அரங்கத்தின் துப்புரவுப் பெண், நாற்பது வயதிருக்கும், சேலைக்கு மேல் பச்சைக் கோட்டு. அவள் வீடு அரங்கத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், கால்வாய்க்கரையில் இருந்த அறுபத்தோரு வீடுகளில் ஒன்று. பின்சுவருக்குப் பின்னால் வீடுகள் இருப்பதே பதினெட்டு வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு ஒரு டீ குடிக்கும் நேரம் திரையைப் பார்த்தாள், பிறகு பொதுவாக எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தம்மா நடிக்கல சார். எய்ந்திருக்க மாட்டேன்னு குந்திக்கினு இருக்குது. கையில பாருங்க, நோட்டீசு."

அப்போதுதான் பார்த்தோம். அவள் வலதுகையில் கசங்கிய காகிதம் ஒன்று இருந்தது. நான்கு மணி நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்த முந்நூறு பேர் கண்ணில் படாத அந்தக் காகிதம் அஞ்சலாட்சி கண்ணில் பட்டதற்குக் காரணம், அதே மாதிரி ஒன்று அன்று காலையில்தான் அவள் வீட்டுக் கதவிலும் ஒட்டப்பட்டிருந்தது.

ஆபரேட்டர் புரொஜெக்டரை அணைத்தார், படம் அணையவில்லை. வயரைப் பிடுங்கினார், மொத்த அரங்கத்துக்கும் மின்சாரத்தை நிறுத்தினார், இருட்டில் அவள் மட்டும் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எங்கள் விழாவில் ஒரு வருடம் ஒரு படம் இருபது நிமிடம் தலைகீழாக ஓடி அதற்குக் கைதட்டலும் கிடைத்திருக்கிறது. விழாச் செயலர் ஞானவரதன் படத்தை அனுப்பிய நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டார், நாங்கள் அனுப்பியது தொண்ணூற்றெட்டு நிமிடம்தான், அதற்குமேல் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. அவரும் மூன்றாம் திரைக் காட்சிகள் ரத்து என்று எழுதி ஒட்டினார், மறுநாள் காலையில் அதைப் பார்க்கவே கூட்டம் தெருவரை நிற்பதைக் கண்டதும் கிழித்துவிட்டு, மூன்றாம் திரை, நாள் முழுவதும் என்று மாற்றி ஒட்டினார்.

அதன்பிறகு ஊரே வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள், வாசலில் சுண்டல்காரர் வந்தார், ஜோசியர் ஒருவர் வந்து அவள் நட்சத்திரத்தைக் கணித்துவிட்டுப் போனார், அவளுக்குக் கீழே நாற்காலி போட்டு நான்கு கருத்தரங்கு நடந்தது, அவள் ஊரில் பனி விழுந்தபோது முதல் மூன்று வரிசைக்குக் குளிர் அடித்தது என்று நாங்கள் சால்வை கொண்டுபோனோம், அவள் வீடு அவளுக்கே என்று அச்சடித்த பனியன்கள் வந்தன, அதே வாசகத்தின்கீழ் ஒரே நாளில் இரண்டாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவளுக்குக் குளிருமா, ரொட்டி தீர்ந்துவிட்டதா, கால் மரத்துப்போயிருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை நாள் ஓடும் என்றுதான் கேட்டோம்.

குளிருமா, பசிக்குமா என்று கேட்டவள் அஞ்சலாட்சி. திரையில் இருந்தவளின் பெயர் விழா மலரில் வாயில் நுழையாத எழுத்துகளில் இருந்தது, நாங்கள் ஆளுக்கொரு விதமாக உச்சரித்துச் சண்டை போட்டோம், அஞ்சலாட்சி அக்கா என்று கூப்பிட்டாள், அவளும் திரும்பிப் பார்த்தாள். தினமும் காலையில் கூட்ட வரும்போது ஒரு டம்ளர் டீயைத் திரைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள், கடைசி வரிசையைக் கூட்டி முடித்துத் திரும்பினால் டம்ளர் காலியாக இருக்கும். நாலாம் நாள் டம்ளருக்குப் பக்கத்தில் வட்டமாக, கொஞ்சம் புளிப்பாக, ஒரு ரொட்டி இருந்தது, அதில் பாதியை அஞ்சலாட்சியின் மகள் யாமினி பள்ளிக்குக் கொண்டுபோய்த் தின்றாள். அஞ்சலாட்சி தன் நோட்டீசை விரித்துக் காட்டினாள், அவள் தன்னுடையதை விரித்துக் காட்டினாள். இரண்டிலும் அடியில் ஒரு முத்திரை இருந்தது, படிக்கத் தெரியாத இரண்டு பாஷையிலும் அது ஒன்றுதான் புரிந்தது.

அஞ்சலாட்சியின் நோட்டீசில், கால்வாயைச் சீரமைக்க வேண்டியிருப்பதால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றிருந்தது. கால்வாய் அந்தப் பக்கம் வளைந்து எங்கேயோ போகிறது, சீரமைக்கப்போவது அரங்கத்துக்கு வண்டி நிறுத்தும் இடம்தான் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். யாமினி பன்னிரண்டாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது, இந்த ஊரில் வீடு இடிக்கிறவர்கள் பிள்ளைகள் பரீட்சை எழுதும் மாதமாகப் பார்த்துத்தான் இடிப்பார்கள், அதற்கென்று பஞ்சாங்கம் வைத்திருக்கிறார்களோ என்னவோ. புதன்கிழமை காலையில் அஞ்சலாட்சி கைகழுவிவிட்டு ஞானவரதனிடம் வந்தாள், நானும் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ரெண்டாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அதே மாதிரி இன்னொரு காகிதம் எங்களுக்கும் போட்டு, வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வந்து நின்றால் போதும், கேமரா இருந்தால் கை வைக்க மாட்டார்கள், பரீட்சை முடியும்வரை தள்ளிப்போனால்கூடப் போதும் என்றாள்.

ஞானவரதன் கெட்டவர் அல்ல, அதுதான் கொடுமை. அவர் மிகவும் வருந்தினார். இது நீதிமன்ற உத்தரவு, அது கலை, இரண்டையும் குழப்பக் கூடாது, விழா முடியட்டும், ஒரு கூட்டம் போட்டுப் பேசுவோம் என்றார். விழா முடிவதும் ஞாயிற்றுக்கிழமைதான். அஞ்சலாட்சி என்னைப் பார்த்தாள். நான் சாயங்காலம் நாலு மணிக்குக் கரைக்கு வருகிறேன், பத்திரிகைக்காரர்களையும் அழைத்துவருகிறேன் என்று சொன்னேன். நாலு மணிக்கு ஐந்தாம் திரையில் இனி எங்கேயும் பார்க்கக் கிடைக்காத ஒரு பழைய மௌனப்படம் இருந்தது. நான் கரைக்குப் போகவில்லை. மறுநாள் அவள் என் நாற்காலிக்கு அடியில் எப்போதும்போல் குனிந்து கூட்டிவிட்டுப் போனாள்.

இதற்குள் அரங்கத்துக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு திரையை ஒரு பெண் ஆக்கிரமித்திருக்கிறாள் என்று புகார் கொடுத்தார்கள், ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அரசாங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வட்டாட்சியர் வந்தார், நாற்பது போலீஸ்காரர்கள் வந்தார்கள், திரையை இடித்தாவது அவளை வெளியேற்றிவிடுவது என்று மஞ்சள் நிறத்தில் இரண்டு ஜேசிபி வந்து தெருவில் நின்றன. வட்டாட்சியர் எல்லா ஊரிலும் செய்கிற காரியத்தையே இங்கேயும் ஒழுங்காகச் செய்தார். திரைக்கு முன்னால் நின்று நோட்டீசைத் தமிழில் படித்தார், ஆங்கிலத்தில் படித்தார், தூதரகத்திலிருந்து வந்த பெண் அவள் பாஷையில் படித்தாள். ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் மாற்றுக் குடியிருப்பு தருவதாகச் சொன்னார். ஒப்புதலுக்குக் கட்டைவிரல் ரேகை வேண்டும் என்று ஒரு சின்னப் பெட்டியை ஏணி போட்டு அவள் கையருகே கொண்டுபோனார்கள். அவள் ரொட்டி தின்ற கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, விரலை மட்டும் நீட்டாமல், அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் எழுந்தோம். ஆமாம், எழுந்தோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். முந்நூறு பேரும் எழுந்து கைகோத்துத் திரைக்கு முன்னால் நின்றோம், வெளிநாட்டு விருந்தினர்கள் நின்றார்கள், கேமராக்கள் ஓடின, வெட்கம் வெட்கம் என்று கத்தினோம், என் தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினேன். வட்டாட்சியர் யாருக்கோ போன் செய்தார், கேட்டார், தலையாட்டினார், சரி வாங்கப்பா என்று ஏணியை எடுக்கச் சொன்னார். நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம், யாரோ லட்டு வாங்கி வந்தார்கள். வரவழைத்த இயந்திரங்களும் நாற்பது போலீசும் ஒரு வேலையும் பார்க்காமல் திரும்பினால் மேலே யாருக்காவது பதில் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு வேலை இருநூறு அடி தள்ளிப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தயாராக இருக்கிறது, அதை இன்றைக்கே முடித்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாங்கள் லட்டு தின்றுகொண்டிருந்தபோது இரண்டு ஜேசிபியும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போயின.

யாமினி இயற்பியல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி நாங்கள் சிந்திய லட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முதல் சுவர் விழுந்த சத்தம் மூன்றாம் திரைக்கு வெளியே கேட்டதா உள்ளே கேட்டதா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, நல்ல ஒலியமைப்பு என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். அஞ்சலாட்சி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அப்போது திரையில் அந்தப் பெண், ஆறு நாளாக உட்கார்ந்தே இருந்தவள், மாவட்ட நிர்வாகத்துக்கும் எங்கள் கைதட்டலுக்கும் அசையாதவள், எழுந்து நின்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்தினாள். மூட்டையை எடுத்தாள், வீட்டைப் பூட்டாமல், திரும்பிப் பார்க்காமல், திரையின் இடப்பக்கமாக நடந்து சட்டத்தைவிட்டு வெளியே போனாள். இடப்பக்கத்தில் அவசர வழி இருக்கிறது, அது கால்வாய்க்கரைக்குத் திறக்கும்.

அடுத்து நடந்ததைக் கரைக்காரர்கள் சொல்லித்தான் கேட்டேன், ஏனென்றால் நான் இடத்தைவிட்டு எழவில்லை. அவள் எல்லாப் பெண்களையும் போன்ற உயரம்தானாம், தோளில் பனித்தூள் இருந்ததாம், பூட்ஸில் வேறு ஊர் மண் ஒட்டியிருந்ததாம். நேராகப் போய் அஞ்சலாட்சி வீட்டு வாசற்படியில் மூட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜேசிபி ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். வட்டாட்சியர் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார், இந்தப் பொம்பளை லிஸ்டிலேயே இல்லை, இவளை எந்தக் கணக்கில் அப்புறப்படுத்துவது என்று போன் மேல் போன் செய்தார். அந்த நாற்பது நிமிடத்தில் அறுபத்தோரு வீட்டுக்காரர்களும் பாத்திரம், பாய், ரேஷன் அட்டை, பிள்ளைகள் புத்தகம், தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டுக்கொண்டார்கள். நாங்கள் இரண்டாயிரம் கையெழுத்துப் போட்டுச் செய்யாததை அவள் உட்கார்ந்தே செய்தாள். பிறகு போனில் உத்தரவு வந்தது, பெண் போலீஸ் நால்வர் அவளைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள், அவள் கண்முன்னால் அஞ்சலாட்சியின் வீடு இரண்டே தட்டில் விழுந்தது. யாமினி பரீட்சை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லோரையும் குப்பை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலாட்சி ஏறினாள், மகளை ஏற்றினாள், பிறகு கையை நீட்டி அக்காவையும் ஏற்றிக்கொண்டாள்.

உள்ளே, திரையில், திறந்துகிடந்த வீட்டை ஒரு நிமிடம் பார்த்தோம். தண்ணீர் வந்தது, படியை மூடியது, கதவை மூடியது, கூரையை மூடியது, பெயர்கள் ஓடின, விளக்கு எரிந்தது. நாங்கள் எழுந்து நின்று பதினோரு நிமிடம் கைதட்டினோம். நானும் தட்டினேன். அழுதுகொண்டே தட்டினேன், அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. படத்தைப் பற்றி ஆளுக்கு ஆள் பேசி முடித்து வெளியே வந்தபோது புழுதி அடங்கியிருந்தது. படத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள், காலி வீட்டின் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி நான் எட்டுப் பக்கம் கட்டுரை எழுதினேன்.

ஜூன் மாதத்தில் வண்டி நிறுத்தும் இடம் திறந்தார்கள். அடுத்த டிசம்பரில் எங்கள் வண்டிகளை அங்கேதான் நிறுத்தினோம். அந்த வருடம் படத்தின் இயக்குநரே விருந்தினராக வந்திருந்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார், அவரையும் தூதரகப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு நான்தான் போனேன். ஊருக்கு வெளியே, கரைக்காரர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை, எட்டு மாடி ஏறினோம். ஒற்றை அறையில் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அஞ்சலாட்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரையரங்க வேலை தூரத்தினால் போய்விட்டதாம், இப்போது பக்கத்துக் கட்டடங்களில் படி துடைக்கிறாளாம். யாமினி அந்த வருடம் பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டியிருந்தது, பொதுத்தேர்வில் இயற்பியல் போய்விட்டது, மளிகைச் சாமானை வீட்டுக்கு அனுப்பும் கிடங்கு ஒன்றில் பொட்டலம் போடுகிறாள், அவள் எங்களைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களை உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தோம்.

இயக்குநர் கண்கலங்கிவிட்டார். படப்பிடிப்பின்போது இந்த அம்மாளை அவள் சொந்த வீட்டிலிருந்து நாலு தடவை வெளியேற வைத்தேன் என்றார். முதல் தடவை வெளிச்சம் போதவில்லை, இரண்டாவது தடவை அவசரமாகப் போனாள், மூன்றாவது தடவை அழவில்லை, நாலாவது தடவை அதிகமாக அழுதாள், அன்று சாயங்காலமே நிஜமான தண்ணீர் வந்துவிட்டது, அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றார். தூதரகப் பெண் எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த படம் இவர்கள் இருவரையும் பற்றித்தான், இருவரும் நடிக்க வேண்டும் என்றார். அதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அஞ்சலாட்சி கேட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை, கால்வாய்க்கரை மாதிரியே ஒரு வீடு கட்டித் தருகிறோம், அன்றைக்கு எப்படி வெளியேறினீர்களோ அப்படியே வெளியேற வேண்டும் என்றார்.

அந்தப் பெண் கீரைத்தட்டைத் தள்ளிவைத்தாள். ஒரு வருடமாகக் கரைக்காரர்களோடு இருந்து கற்றுக்கொண்ட தமிழில் சொன்னாள்.

"எய்ந்துரு. வெளிய போ."

நாங்கள் எழுந்து வராந்தாவுக்குப் போனோம். இயக்குநர் ஷூவில் காலை நுழைக்கும்போது உள்ளேயிருந்து அஞ்சலாட்சி கூப்பிட்டாள், உள்ளே போனோம், குந்து என்றார்கள், குந்தினோம். போ என்றார்கள், போனோம். அவசரப்படுறீங்க, இன்னும் மெதுவா என்று திரும்பவும் கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை வாசலைத் தாண்டியதும் அந்தப் பெண் என்னைக் கைகாட்டி, "இவுரு அழுவுல" என்றாள். நாலாவது தடவை உட்கார்ந்தபோது அஞ்சலாட்சி என்னை ஒரு வருடத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"நாலு மணிக்கு வரேன்னு சொன்னீங்களே சார். நாங்கல்லாம் வாசல்லயே நின்னுக்கினு இருந்தோம்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அழுதுகொண்டே வெளியே போனேன். ஜாஸ்தி என்று அந்தப் பெண் சொன்னதும், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட சத்தமும் கேட்டது. இந்தத் தடவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

எட்டு மாடி இறங்கினோம். கீழே வந்ததும் இயக்குநர் தூதரகப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். நாலு தடவையில் நாலாவதுதான் நன்றாக வந்தது, இல்லையா என்று கேட்கிறார் என்றாள் அவள்.

இல்லை, மூன்றாவதுதான் என்றேன் நான்.